மிகாசா: எதிரி குண்டு செய்யாததை சொந்த வெடிமருந்து செஞ்ச கதை

நங்கூரம்:

ப்ரீ-ட்ரெட்நாட் கப்பலுக்கு (1906ல ட்ரெட்நாட் வர்றதுக்கு முந்தின தலைமுறை போர்க்கப்பல்) தனி இழை வேணும்னு ரொம்ப பேர் கேட்டுட்டே இருந்தீங்க, இந்தாங்க. மிகாசா. 1904-05 ரஷ்ய-ஜப்பான் போர்ல ஜப்பான் அட்மிரல் தோகோவோட கொடிக்கப்பல், அதாவது தளபதி ஏறி அணிய நடத்துற கப்பல். ரஷ்ய அணிய முறியடிச்ச சுஷிமா வெற்றி, சண்டைக்கு முன்னாடி ஏத்தின இசட் கொடி, யோகோசுகால இன்னிக்கும் நிக்குற மியூசியம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், யூடியூப் பூரா அதான் ஓடுது.

நான் சொல்ல வர்றது வேற. 1905 மே 27, 28ல சுஷிமாவுல ஜப்பான் கடற்படை மொத்தமா சேர்த்து இழந்தது 117 பேர். அதே வருஷம் செப்டம்பர் 11 அதிகாலை, அதாவது போர் முடிஞ்சு போர்ட்ஸ்மவுத் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறு நாள் கழிச்சு, சசெபோ துறைமுகத்துல சும்மா நின்னுட்டிருந்த மிகாசா வெடிச்சு மூழ்குச்சு. செத்தது 250க்கு மேல, சில கணக்குல 339. ஒரே கப்பல்ல. பக்கத்துல ஒரு ரஷ்யக்காரனும் இல்ல.

இந்தக் கப்பல் வரலாறு பூரா பார்த்தா அதுக்கு விழுந்த மோசமான அடியெல்லாம் உள்ளேர்ந்துதான் வந்திருக்குன்னு எனக்குத் தோணுது. மறுக்கிறவங்க வரலாம்.

கரிப்புகை:

வந்துட்டேன் தல. முதல்ல கப்பல் என்னன்னு சொல்லிட்டு அப்புறம் சண்டைக்குப் போவோம், புதுசா படிக்கிறவங்களும் இருக்காங்க.

கட்டினது விக்கர்ஸ், இங்கிலாந்துல பாரோ-இன்-ஃபர்னஸ் ஊர்ல. 1899 ஜனவரில கீல் (அடித்தண்டு) போட்டாங்க, 1900 நவம்பர் 8 தண்ணில இறக்கினாங்க, 1902 மார்ச்ல வேலை முடிஞ்சு ஜப்பானுக்குக் கிளம்பிடுச்சு. செலவு 8,80,000 பவுண்டு. காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னா 1894-95 போர்ல தோத்த சீனாகிட்ட வாங்கின நஷ்ட ஈடு. அதையும் மீறி பட்ஜெட் தட்டுப்பாடு வந்தப்ப வேற தலைப்புல இருந்த பணத்த எடுத்து அட்வான்ஸ் கட்டினாங்க, மாட்டிக்கிட்டா நாம ரெண்டு பேரும் அரண்மனை பாலத்துக்கு முன்னாடி வயித்தக் கிழிச்சுக்கலாம்னு கடற்படைப் பெரிய தலை சாய்கோ சுகுமிச்சி, இன்னொரு பெரிய தலை யாமமோட்டோ கோன்பேகிட்ட சொன்னதா ஒரு கதை ஜப்பான்ல ரொம்பப் பிரபலம். கதையாவே வெச்சுக்கோங்க.

எடை 15,140 டன், நீளம் 432 அடி. 25 பெல்வில் பாய்லர், ரெண்டு ட்ரிபிள் எக்ஸ்பான்ஷன் எஞ்சின், 15,000 குதிரைசக்தி, 18 நாட். டர்பைன் எல்லாம் இன்னும் வரல, பிஸ்டன்தான். நிலக்கரி 2,000 டன் வரைக்கும் கொள்ளும்.

பீரங்கி: முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டுன்னு நாலு 12 இன்ச், குண்டு ஒண்ணு 386 கிலோ. பக்கவாட்டுல பதினாலு 6 இன்ச். டார்பிடோ படகு விரட்ட இருபது 12-பவுண்டர் (சின்ன பீரங்கி). தண்ணிக்கு அடில நாலு டார்பிடோ குழாய், முன்மூக்குல இடிக்கிறதுக்கு கூம்பு வேற. இதான் ப்ரீ-ட்ரெட்நாட்டோட லட்சணமே, எந்த தூரத்துல சண்டை வரும்னு யாருக்கும் தெரியாது, அதனால எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் ஏத்தி வெச்சுக்கிறது. கல்யாண வீட்டு இலை மாதிரி.

சந்தேகராமன்:

கப்பல் இங்கிலாந்து, பீரங்கி இங்கிலாந்து, தூரம் பார்க்கிற ரேஞ்ச்ஃபைண்டர் பார் அண்ட் ஸ்ட்ரவுட், அதுவும் கிளாஸ்கோ. இதுல ஜப்பானோடது என்ன இருக்கு? ராயல் நேவி டிசைனை காசு குடுத்து வாங்கி ஓட்டினாங்க, அவ்ளோதானே. ஆசியா எழுந்துச்சுன்னு ஆளாளுக்கு எழுதுறாங்க.

கரிப்புகை:

அப்படி சுலபமா தள்ளிட முடியாது ராமன். ராயல் நேவி வரிசைய ஒட்டி வந்ததுதான், இல்லங்கல. ஆனா மிகாசால ரெண்டு விஷயம் அதுக்கு முந்தின ஜப்பான் கப்பல்லயே கிடையாது. ஒண்ணு க்ருப் எஃகு. ஃபூஜி கப்பலோட பெல்ட்ல (தண்ணிமட்டத்துல ஓடுற கவசப்பட்டை) தடிமனான இடம் 18 இன்ச், ஹார்வி எஃகு. மிகாசால 9 இன்ச்சுதான், ஆனா க்ருப் முறைல மேல்தோல் மட்டும் கடினமா, உள்ள விட்டுக்குடுக்கிற மாதிரி பதப்படுத்தினது, அதனால பாதி கனத்துல வேலை நடந்துடுச்சு. மிச்சமான எடைய கப்பல் உடம்புல இன்னும் உயரமா, அகலமா பரப்பினாங்க. பார்பெட் (பெரிய பீரங்கிக்கு அடில இருக்கிற கவசச் சுவர்) மட்டும் 14 இன்ச்.

ரெண்டாவது, 6 இன்ச் பீரங்கில பத்து ஒரே கவசப் பெட்டிக்குள்ள வரிசையா இருக்கும். ஷிகிஷிமா, ஹத்சுசே, அசாஹி மூணுலயும் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கேஸ்மேட் (கவச அறை), நடுவுல இருக்கிற இடம் வெறும் தகரம் மாதிரி. இங்க இடைவெளியும் மூடிட்டாங்க. வாங்கும்போதே இது வேணும், அது வேணாம்னு சொல்லி வாங்கத் தெரிஞ்ச ஆளுங்க.

நங்கூரம்:

அதோட ராமனோட கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கு. அந்தக் கப்பல்ல அசல் ஜப்பான் சரக்குன்னு ஒண்ணு இருந்துச்சு, குண்டுக்குள்ள இருந்த மருந்து. ஷிமோசே மசச்சிகான்னு ஒரு வேதியியல் ஆளு உருவாக்கினது. அதுக்கு மேல இஜுயின் கோரோ வடிவமைச்ச ஃபியூஸ், அதாவது குண்ட வெடிக்க வைக்கிற பொறி. ஜெயிச்சதுக்கும் அதுதான் காரணம், கப்பல் அடி வாங்கினதுக்கும் அதுதான் காரணம்கிறது என் கட்சி.

ஷிமோசே மருந்துங்கறது அடிப்படைல பிக்ரிக் அமிலம். பயங்கர சக்தி. ஆனா அது இரும்பத் தொட்டா பிக்ரேட் உப்பாகும், அது லேசா தட்டினாலே வெடிக்கும். அதனால குண்டோட உள்பக்கம் பூரா அரக்கு பூசி, அமிலம் இரும்புல படாம பார்த்துக்கிட்டாங்க. ரஷ்ய குண்டு கவசத்தத் துளைச்சு உள்ள போய் வெடிக்கிற ரகம், பல நேரம் வெடிக்காமயே போயிடும். ஜப்பான் குண்டு கயித்துல பட்டாலும் வெடிக்கும். கவசம் உடையாது, ஆனா மேல்தளம் பூரா சின்னச் சின்ன துண்டா பறக்கும், பெயின்ட் எரியும், மரம் எரியும், புகைல மூச்சு முட்டும்.

இவ்ளோ தொட்டாச்சிணுங்கி ஃபியூஸ் பீரங்கிக் குழாய்க்குள்ளயே வெடிச்சா?

பனங்காய்:

அதத்தான் நானும் கேக்க வந்தனான். 1904 ஆகஸ்ட் 10 மஞ்சள் கடல் சண்டையில மிகாசாவின்ர பின் டரெட் (ரெண்டு பெரிய பீரங்கி இருக்கிற சுழலும் கவசக் கூடு) முழுக்கச் செயலிழந்தது எண்டு வாசிச்சிருக்கிறன். ஆனா கன இடத்தில ரஷ்யக் குண்டு பட்டுத்தான் போனது எண்டு கிடக்கு. 20 அடி விழுந்த கப்பல், 125 பேர் செத்தும் காயப்பட்டும் இருக்கினம். அப்ப ரஷ்யன் அடிச்சது எண்டு ஏன் எடுக்கக்கூடாது? நீங்கள் எல்லாத்தையும் சொந்த மருந்தின்ர தலையில கட்டுறியள் போல கிடக்கு அண்ணை.

நங்கூரம்:

நல்ல கேள்வி. ஜப்பான்காரங்களே அப்போ எதிரி குண்டுன்னுதான் முதல்ல எழுதினாங்க. ஆனா அதே சண்டைல அசாஹி, ஷிகிஷிமா கப்பல்லயும் 12 இன்ச் குழாய் வெடிச்சிருக்கு. ஒரே நாள்ல, ஒரே மாதிரி, குழாய் வாய்ப்பக்கம் பிளந்து. மூணு கப்பல்லயும் ரஷ்யன் கரெக்டா பீரங்கிக் குழாயப் பார்த்து அடிச்சான்னு நம்புறது எனக்குக் கஷ்டமா இருக்கு.

சுஷிமாவுலயும் விடல. மிகாசா முன் டரெட்ல வலது பீரங்கிக்குள்ள சொந்தக் குண்டு வெடிச்சு அது காலி, பக்கத்துல இருந்த இடது பீரங்கியும் ஒரு 40 நிமிஷம் சும்மா கிடந்துச்சு. கொடிக்கப்பல், சண்டை நடுவுல, முன்னாடி டரெட் மௌனம்.

அண்ணாச்சி_கடை:

இதுல ஒண்ணு சேத்துக்கிடுங்க. நிஷ்ஷின் குரூசர்ல அன்னைக்கு ஒரு சின்னப் பையன் அதிகாரி, பேரு தகானோ இசொரோகு, இடது கையில ரெண்டு விரல் போச்சு. பின்னாடி தத்துப் போய் யாமமோட்டோ ஆனவரு, பேர்ல் ஹார்பர் யாமமோட்டோதான். அந்த விரல் போனது ரஷ்யக் குண்டாலயா, சொந்த பீரங்கி வெடிச்சதாலயான்னு இன்னமும் அடிச்சிக்கிட்டு கிடக்காக.

சந்தேகராமன்:

சரி குழாய் வெடிச்சுச்சு. ஆனா ஜெயிச்சாங்கல்ல? குறையா நெறையா? மஞ்சள் கடல்ல ரெண்டு 12 இன்ச் குண்டு ரஷ்ய கொடிக்கப்பல் செசாரெவிச் மேல விழுந்து அட்மிரல் விட்கெஃப்ட் அங்கேயே போயிட்டாரு, ஸ்டியரிங் மாட்டிக்கிட்டு கப்பல் வட்டம் போட ஆரம்பிச்சுது, ரஷ்ய அணி சிதறிப் போச்சு. அந்த ரெண்டு குண்டு இல்லைன்னா அவங்க விளாடிவோஸ்டாக் போய்ச் சேர்ந்திருப்பாங்க. அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்.

கரிப்புகை:

மஞ்சள் கடல்ல அதிர்ஷ்டம், ஒத்துக்கலாம். அதுக்கு மூணு மாசம் முன்னாடி தோகோகிட்ட இருந்த ஆறு போர்க்கப்பல்ல ரெண்டு ஒரே நாள்ல போச்சுங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 1904 மே 15, ஹத்சுசேயும் யாஷிமாவும், ரஷ்ய மைன் லேயர் அமுர் போட்ட கண்ணிவெடில. அதனாலதான் மிகாசாவ ரொம்பக் கிட்ட கொண்டு போகாம தோகோ தயங்கித் தயங்கி சண்டை போட்டாரு. இன்னொண்ணு போனா அவ்ளோதான்.

சுஷிமா அதிர்ஷ்டம் இல்ல. கொரியாவோட சின்ஹே விரிகுடால மாசக்கணக்குல பயிற்சி, பெரிய பீரங்கிக்குள்ள சின்னத் துப்பாக்கிக் குழாய் செருகி தினமும் குறி பார்த்து சுட்டாங்க, நிஜ குண்டு வீணாகாது பாருங்க.

தஞ்சோங்_பகார்:

எங்க ஊர்ப் பக்கமும் இந்தக் கதை வந்து போயிருக்கு. ரஷ்ய அட்மிரல் ரொஷெஸ்ட்வென்ஸ்கியோட பால்டிக் அணி 1905 ஏப்ரல் 8 சிங்கப்பூரைத் தாண்டிப் போச்சு, பட்டப்பகல்ல, கரைலேர்ந்து பார்க்கிற தூரத்துல. 40க்கு மேல கப்பல். துறைமுகத்துல வேலை பார்த்த தமிழாளுங்களும் அந்தப் புகைய பார்த்திருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன். ஏழு மாசப் பயணம், சுமார் 18,000 கடல் மைல், வழில எங்கயும் சொந்தத் துறைமுகம் கிடையாது, நிலக்கரிய நடுக்கடல்ல ஏத்தி தளம் பூரா குவிச்சு வெச்சிருந்தாங்க. அப்படி வந்தவனை, வீட்டு வாசல்ல காத்திட்டிருந்தவன் அடிச்சான். இதுல மிகாசா நல்ல கப்பலா இல்லையான்னு எப்படித் தெரியும்?

நங்கூரம்:

அருமையான பாயின்ட். கப்பலைப் பத்தி சுஷிமா சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், அது அடி தாங்கும். அந்தத் திருப்பத்த யோசிச்சுப் பாருங்க. மத்தியானம் 2 மணி தாண்டி அஞ்சு நிமிஷம். ரஷ்ய அணி எதிர்ல வருது, தோகோ தன் வரிசைய ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒரே இடத்துல திருப்புறாரு, அதாவது எல்லாக் கப்பலும் கடல்ல அதே புள்ளிக்கு வந்துதான் திரும்பணும், ரஷ்யன் அந்தப் புள்ளியவே குறி வெச்சா போதும். முதல்ல திரும்பினது மிகாசா, அதனால கொஞ்ச நேரத்துக்கு மொத்த ரஷ்ய அணியும் இது ஒண்ணைத்தான் சுடுது. தோகோ கவச அறைக்குள்ள போகாம மேல திறந்த பாலத்துலயே நின்னுட்டாரு. நாள் முடிவுல 40க்கு மேல அடி, அதுல பத்து 12 இன்ச். 113 பேர் செத்தும் காயமாகியும். கப்பல் வரிசைய விட்டு ஒரு நிமிஷம் விலகல. க்ருப் எஃகு தன் வேலைய செஞ்சுடுச்சு.

ரஷ்யர் பக்கம் 4,000க்கு மேல செத்தாங்க.

பனங்காய்:

வேகமும் காரணம் எண்டு நினைக்கிறன். தோகோ 15 நாட், ரஷ்யர் 9 நாட். அந்தப் பழைய கப்பலுகளையும் சரக்குக் கப்பலுகளையும் இழுத்துக்கொண்டு வந்தவை, வேற வழி இல்லை. நீங்கள் சொன்ன திருப்பத்தில ரஷ்யனுக்கு அந்த வேகம் இருந்திருந்தா கதை மாறியிருக்கும்.

நேரு சின்னப் பெடியனா இங்கிலாந்துக்குப் படிக்கப் போகேக்க டோவரில இருந்து லண்டன் போற ரயிலிலதான் சுஷிமாச் செய்தியை வாசிச்சவராம். அவ்வளவு தூரம் பரவின வெற்றி.

அண்ணாச்சி_கடை:

எல்லாம் சரி, சசெபோ கதைக்கு வாங்க அண்ணாச்சி. இழைத் தலைப்பே அதுதானே, ரெண்டு பக்கம் ஓடிப்போச்சு.

நங்கூரம்:

வர்றேன். 1905 செப்டம்பர் 10 ராத்திரி தாண்டி 11 அதிகாலை. தோகோ கப்பல்ல இல்ல, இருந்திருந்தா வரலாறே வேற. பின்பக்கம் தீ, அது வெடிமருந்து அறைக்குப் போயிடுச்சு, வெடிச்சு பக்கம் கிழிஞ்சு துறைமுகத்துத் தரைல போய் உக்காந்துடுச்சு. ஆழம் கம்மி, அதனாலதான் பின்னாடி எடுக்க முடிஞ்சது.

காரணம் என்னன்னா மருந்து காலப்போக்குல கெட்டுப்போய் தானா சூடேறினதுன்னு ஒரு கட்சி. மாலுமிங்க விளக்குக்கு வெச்சிருந்த ஆல்கஹாலை ரகசியமா குடிக்கிறதுக்காக அதோட நாத்தம் போக கொளுத்திப் பார்த்தப்ப தட்டி விட்டுட்டாங்கன்னு இன்னொரு கதை. அக்டோபர்ல பேரரசர் முன்னாடி நடந்த வெற்றி அணிவகுப்புல தோகோ ஷிகிஷிமால நிக்க வேண்டியதாப் போச்சு.

சந்தேகராமன்:

இங்கதான் நான் மாறுபடுறேன். துறைமுகத்துல வெடிச்சதுக்கு ஷிமோசே மேல பழி போடுறது நியாயமில்ல. அந்தக் காலத்துல எல்லா நேவிலயும் இதே கூத்துதான். பிரான்ஸ்ல இயேனா 1907, லிபெர்தே 1911, ரெண்டும் ப்ரீ-ட்ரெட்நாட், ரெண்டும் தூலான்ல, அங்க கெட்டுப்போனது பி பவுடர்ங்கற உந்து மருந்து. இங்கிலாந்துல புல்வார்க் 1914, அதுவும் ப்ரீ-ட்ரெட்நாட். கப்பல் அடிவயித்துல டன் கணக்குல மருந்து, பக்கத்துலயே பாய்லர் சூடு, குளிரூட்டல் பேருக்கு. அது மிகாசாவோட குறை இல்ல, அந்தத் தலைமுறையோட குறை.

கரிப்புகை:

ராமன் சொல்றதுல பாதி சரி. குண்டுக்குள்ள இருக்கிற மருந்து வேற, குண்டைத் தள்ளுற மருந்து வேற, இந்த இழைல நாம ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டுதான் இருக்கோம். குழாய்க்குள்ள வெடிச்சதுக்கு ஷிமோசேயும் ஃபியூஸும். கிடங்குல தானா சூடேறுறதுன்னா அது பெரும்பாலும் கார்டைட் மாதிரி உந்து மருந்துதான்.

ஆனா ஜப்பான் பட்டியலும் சாதாரணமில்ல ராமன். 1908 மாட்சுஷிமா, 1917 சுகுபா, 1918 கவாச்சி, 1943 முட்சு. எல்லாம் துறைமுகத்துல இல்லன்னா நங்கூரத்துல நின்னப்ப. முட்சுல மட்டும் செத்தது 1,100க்கு மேல.

நங்கூரம்:

கரிப்புகை பிரிச்சதை ஏத்துக்குறேன், ஆனா என் கட்சி குண்டு மருந்தா உந்து மருந்தாங்கறதுல இல்ல. ரஷ்யக் குண்டு 20, 40ன்னு விழுந்தும் மிகாசா ஓடிட்டே இருந்துச்சு, நின்னதெல்லாம் உள்ளேர்ந்து வந்த அடிலதான்கறேன்.

தஞ்சோங்_பகார்:

அப்புறம் என்ன ஆச்சு? மூழ்கின கப்பல் எப்படி மியூசியம் ஆச்சு?

நங்கூரம்:

1906 ஆகஸ்ட்ல மேல எடுத்தாங்க, சசெபோலயே ரெண்டு வருஷம் ரிப்பேர், பழைய 12 இன்ச்சுக்கு பதிலா சக்தி கூடின நீளக்குழாய் போட்டாங்க, 1908 ஆகஸ்ட்ல திரும்ப சேவை. ஆனா அதுக்குள்ள 1906ல ட்ரெட்நாட் வந்துடுச்சு, பத்து 12 இன்ச், டர்பைன், 21 நாட். மிகாசா தண்ணிலேர்ந்து எழுந்திருச்சப்பவே பழசு. அதுக்கப்புறம் கரைக்காவல், முதல் உலகப்போர்ல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல, 1921ல சைபீரியப் பக்கம் போய் அஸ்கோல்ட் தீவுல தரை தட்டுச்சு.

அப்புறம் வாஷிங்டன் ஒப்பந்தம், 1922, பெரிய நாடுங்க போர்க்கப்பலுக்கு வரம்பு வெச்சது. பழைய கப்பல உடைக்கணும். இதுல ஒரு வேடிக்கை, அந்த மாநாட்டுக்கு ஜப்பான் அனுப்பின தலைமைப் பிரதிநிதி கதோ தொமொசபுரோ, சுஷிமால மிகாசா பாலத்துல தோகோ பக்கத்துல நின்ன அதே தலைமை அலுவலர். 1923ல சேவைலேர்ந்து எடுத்தாச்சு. திரும்பப் போர்க்கப்பல் ஆக முடியாத மாதிரி செஞ்சா நினைவுச்சின்னமா வெச்சுக்கலாம்னு மத்த நாடுங்க ஒத்துக்கிட்டாங்க, அதனால யோகோசுகா கரைல தோண்டி இறக்கி மணலும் கான்கிரீட்டும் போட்டு நிறுத்திட்டாங்க. 1926 நவம்பர்ல விழா.

அண்ணாச்சி_கடை:

1945க்கு அப்புறம் பட்ட பாட்டையும் எழுதுங்க. சோவியத்காரன் உடைச்சுப் போடுன்னான், சுஷிமா கடுப்பு 40 வருஷம் ஆகியும் தீரல. அமெரிக்கக்காரன் உடைக்க விடல, ஆனா பீரங்கி, கொடிமரம், புகைபோக்கி எல்லாம் போச்சு. மேல டான்ஸ் ஹாலும் மீன் காட்சியகமும் கட்டி காசு பாத்தானுவ.

கரிப்புகை:

மீட்டது 1955ல ஜப்பான் டைம்ஸ்ல வந்த ஒரு வாசகர் கடிதம். ஜான் ரூபின்னு பாரோ ஊர்க்காரர், கப்பல் கட்டின அதே ஊரு, இந்தக் கோலத்தைப் பார்த்து மனசு பொறுக்காம எழுதினாரு. அதுக்கப்புறம் நிமிட்ஸ் உள்ள வந்தாரு, ஜப்பானை பசிபிக்ல தோக்கடிச்ச அதே அட்மிரல் நிமிட்ஸ். 1905ல ஒஹாயோ கப்பல்ல இளநிலை ஆளா டோக்கியோ போனப்ப வெற்றி விருந்துல தோகோவ நேர்ல பார்த்தவரு. ஒரு ஜப்பான் பத்திரிகைக்கு எழுதி அந்தக் காசை மிகாசா நிதிக்குக் குடுத்தாரு. 1959ல சிலி நாட்டோட அல்மிரான்தே லதோர்ரே உடைபட ஜப்பான் வந்துச்சு, அதுவும் இங்கிலாந்துல கட்டினது, அதுலேர்ந்து கழட்டின சாமான் சிலது மிகாசாக்குப் போச்சு. 1961 மே 27 திரும்பத் திறந்தாங்க, சுஷிமா தேதி.

சந்தேகராமன்:

அப்ப இப்ப நிக்கிறதுல அசல் எவ்ளோ? டரெட் டூப்ளிகேட், புகைபோக்கி புதுசு, கொடிமரம் புதுசு, அடில கான்கிரீட்.

கரிப்புகை:

உடம்பு அசல், ராமன். உலகத்துல மிச்சம் இருக்கிற ப்ரீ-ட்ரெட்நாட் போர்க்கப்பல் அது ஒண்ணுதான். எஞ்சின் ரூம் பார்க்கலாம்னு போனா ஏமாந்துடுவீங்க, கீழ் அறையெல்லாம் மண்ணடைச்சு மூடியாச்சு. பக்கவாட்டு 6 இன்ச் பெட்டிக்குள்ள போய் நின்னு பாருங்க, ஒரு பீரங்கிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்ளோ கம்மியான இடம்னு அங்கதான் தெரியும்.

பனங்காய்:

மற்ற மூண்டு சகோதரக் கப்பலுக்கும் என்ன நடந்தது? ஹத்சுசே கண்ணிவெடியில போனது விளங்குது.

நங்கூரம்:

ஷிகிஷிமா ஆயுதம் கழட்டி சசெபோல பயிற்சிக் கூடா கிடந்து போருக்கப்புறம் உடைச்சாங்க. அசாஹிதான் சுவாரஸ்யம், நீர்மூழ்கி மீட்புக் கப்பலாகி, அப்புறம் ரிப்பேர் கப்பலாகி, 1942 மே மாசம் இந்தோசீனா பக்கத்துல அமெரிக்க நீர்மூழ்கி சால்மன் டார்பிடோ அடிச்சு மூழ்குச்சு. நாலு பேர்ல எதிரி நேரா சுட்டு மூழ்கடிச்சது அது ஒண்ணுதான்.

சந்தேகராமன்:

கண்ணிவெடி எதிரி போட்டது இல்லையா? ஹத்சுசேய ஏன் கணக்குல விடுறீங்க? உங்க கட்சிக்கு ஒத்து வரலன்னா?

நங்கூரம்:

"நேரா சுட்டு"ன்னு போட்டிருக்கேன் பாருங்க. அமுர் கண்ணிய விதைச்சுட்டுப் போயிடுச்சு, ஹத்சுசே தானா போய் ஏறுச்சு. அமுர் பத்தி தனி இழை போடுங்க, அங்க வந்து சண்டை போடுறேன்.